சிவமலர் சொன்ன வாழ்த்துரை

தொலைபேசி அடித்தபோது சிவமலர் மெற்றில்டாவைக் குளிக்க வார்த்து முடித்து, கதிரையில் இருத்தித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப்போன ஒருவரைக் குளிக்க வார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தண்ணீரின் சூடு பார்க்க வேண்டும். பிறகு காலுக்கடியில் வழுக்காத பாய், நல்ல பக்கத்துக் கைக்கு ஒரு பிடி. கதைபேச்செல்லாம் தலை துவட்டும்போதுதான். தோர்ண்டன் ஹீத்திலிருந்த அந்த வீட்டுக்கு அவள் காலையில் வந்து இந்த வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்துத் தன் ஷிப்டுக்குப் போவாள். அது 1994ஆம் ஆண்டு.

மெற்றில்டாவின் கணவர் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர்தான் போனை எடுத்தார்.

"ஓம்... ஓம், எழுதலாம். ஆர் மேடையிலை பேசுறது?... ஆரெண்டு சொன்னனீர்?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிவமலரைப் பார்த்தார். "பிள்ளை, கோவில் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி. வாற ஞாயிறு பொதுக்கூட்டத்திலை யோகராஜாவைத் தலைவராக்கப் போகினமாம். அதுக்கு முதல் பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் இருக்காம். பெண்கள் பக்கத்திலை இருந்து நீர் பேசவேணுமாம். நான் எழுதித் தரவேணுமாம்."

சிவமலரின் கைத் துவாய் நிற்கவில்லை. "ஓமெண்டு சொல்லுங்கோ."

"விளங்கித்தான் சொல்லுறீரோ?"

"தலை ஈரமாக் கிடக்கு மாஸ்ரர். ஓமெண்டு சொல்லிப்போட்டு போனை வையுங்கோ."

அவர் சொன்னார், வைத்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு மெற்றில்டாவிடம் மிஞ்சியிருந்த சொற்கள் கொஞ்சம். அவற்றில் 'பேயன்' என்ற ஏச்சு ஒன்று. அதை அவர் இப்போது தெளிவாகச் சொன்னார். யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. யோகராஜா சிவமலரின் வாழ்க்கையில் யார் என்பது அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும்.

சிவமலர் அளவெட்டியில் பிறந்தவள். எழுபதுகளின் நடுப்பகுதியில் நேர்ஸ் பயிற்சிக்கென்று லண்டனுக்கு வந்தாள். கல்யாணம் குறுக்கே வந்ததால் பயிற்சியின் முதற்படியோடு நின்று, முதியோர் வார்ட்டில் உதவியாளராகச் சேர்ந்தாள். புருஷன் மாரடைப்பில் போனபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அழுது முடித்து மறுவாரமே வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் யாராவது ஆறுதல் சொல்ல வருவார்கள் என்பது ஒரு காரணம். பிறகு குறொய்டன் பக்கத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்துக்கு மாறினாள். கோவிலில் திருவிழா நாட்களில் ஒரு மேசை போட்டு, வயதானவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பாள். உப்பைக் குறையுங்கோ என்பாள். குறைக்காதவர்களை அடுத்த திருவிழாவில் பெயர் சொல்லி ஏசுவாள். ஆகவே அவளைத் தெரியாத தமிழர் தென்லண்டனில் குறைவு.

அவளுடைய தம்பி கனகலிங்கம் 1986இல் வந்து சேர்ந்தான். வந்த அன்று அவன் குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது அவள் முதுகைப் பார்த்தாள். எந்தத் தழும்பு சிகரெட்டால் வந்தது, எந்தத் தழும்பு வயரால் வந்தது என்று காயம் கட்டுகிறவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் ஒரு இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அதே அறையில் அவனோடு கிடந்தவர் யோகராஜா. உள்ளே போட்ட அன்றே யோகராஜாவின் இரண்டு கையையும் முறித்துவிட்டார்கள். கனகலிங்கம்தான் அவருக்குத் தகரக் குவளையில் தண்ணீர் பருக்கினான், சோறு தீத்தினான், மற்றதெல்லாமும் செய்தான்.

"அக்கா, உன்ர வேலையைத்தான் அங்கை நான் செய்தனான்," என்று சிரித்தான். அவன் சிரிக்கக்கூடியவன்.

யோகராஜா அவனுக்கு முந்தியே லண்டனுக்கு வந்து, அகதி அந்தஸ்துக் கிடைத்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடை போட்டிருந்தார். கனகலிங்கம் தேடிப் போனபோது கடை வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார். அகதி விண்ணப்பத்துக்கு, இவனை முகாமில் கண்டேன் என்று ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் நல்லது என்றார் வழக்கைப் பார்த்த சொலிசிற்றர். "கட்டாயம் வந்து கையெழுத்து வைக்கிறன் தம்பி. நீ என்ர உயிரைக் காப்பாத்தினவன்," என்றார் யோகராஜா.

குறித்த நாளில் அக்காவும் தம்பியும் சொலிசிற்றரின் அலுவலகத்தில் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. சொலிசிற்றர் கடைக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் கேட்டார். போனை வைத்துவிட்டு, "உங்கள் தம்பியைத் தனக்குத் தெரியாது என்கிறார்," என்றார்.

காரணம் பிறகு தெரிய வந்தது. யோகராஜாவின் மனைவி பிள்ளைகளை லண்டனுக்கு எடுப்பிக்கிற அலுவல் அப்போது நடந்துகொண்டிருந்தது. இன்னொருவரின் வழக்கில் பெயர் வந்தால் சிக்கல் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். நல்ல காரணம்தான். அது தெரிந்த பிறகு சிவமலரின் கோபம் குறையவில்லை; பிடிப்பதற்கு அதற்கு ஒரு கைபிடி கிடைத்தது, அவ்வளவுதான்.

1988இல் கனகலிங்கத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து ஊருக்குப் போகிற வழியில், வவுனியாவில் பஸ்ஸிலிருந்து அவனை இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்யவும் முடியாமல், செய்யாமல் இருக்கவும் முடியாமல், அம்மாவும் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

சிவமலர் ஒருமுறை யோகராஜாவின் கடைக்குப் போனாள். கடை நிறையச் சனம். "தங்கச்சி, நீங்கள் ஆரையோ மாறி நினைச்சுக்கொண்டு கதைக்கிறியள். எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது," என்று எல்லாருக்கும் கேட்க அன்பாகச் சொல்லி, ஒரு பை முருங்கைக்காயை இலவசமாக நீட்டினார். அவள் பையைத் தராசில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பழுக்காத கட்டியில் கத்தி வைக்கக் கூடாது என்று வார்ட்டில் படித்திருந்தாள். பிறகு அதைப் பற்றி மெற்றில்டாவின் வீட்டைத் தவிர வேறெங்கும் பேசவில்லை.

யோகராஜா வளர்ந்தார். கடை மூன்றாயிற்று. தென்லண்டனில் வீடு வாங்கினார். மூடிக்கிடந்த ஒரு தளபாடக் கடையைக் கோவிலாக்க முன்னின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சாளராக ஆனார். எந்த மேடையானாலும் அந்த முகாம் அறைக்குப் போய்விடுவார். "ரெண்டு கையும் முறிஞ்சு, குவளை பிடிக்கேலாமல், நாய் மாதிரி நக்கித் தண்ணி குடிச்சனான்," என்று வளைந்த முழங்கைகளை உயர்த்திக் காட்டுவார். சனம் கண்ணைத் துடைக்கும். அவருடைய கதையில் அந்த அறைக்குள் வேறு மனிதரே இல்லை.

ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? தலைவர் தேர்தல் என்றதும் பழைய கதையை யாரோ கிளறினார்கள். கனகலிங்கத்தின் தமக்கையே மேடையேறிப் புகழ்ந்துவிட்டால் அந்தக் கதை அன்றோடு செத்துவிடும். அதற்குத்தான் கிருஷ்ணமூர்த்தியின் போன்.

"துணிச்சலைப் பாருமன்," என்றார் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர். "உம்மட தம்பியைக் கைவிட்டவன் உம்மட வாயையே கேக்கிறான்."

"கேட்டது நல்லது. நானாப் போய்க் கேட்டால் மைக் தருவினமோ?"

மாஸ்ரர் ஊரில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் படிப்பித்தவர். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் அந்தப் பாடங்கள் நின்றுபோக, மகளோடு இருக்க லண்டன் வந்து, பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கினார். வாகனம் வராத நேரத்தில் கிரேக்கம் வாசிப்பார். ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கெல்லாம் பேச்சு எழுதினார். கல்யாண வாழ்த்து, சாமத்தியச் சடங்கு வரவேற்பு, இரங்கலுரை, ஆண்டுக் கூட்டத்து நன்றியுரை, எது வேண்டுமானாலும். ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கும் பொம்பிளை வீட்டுக்கும் எழுதி, இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கியவர். கூலியாக விளைமீனோ, ஒரு போத்தலோ வரும். சிவமலரிடம் அவர் ஒன்றும் எடுப்பதில்லை. அவள் மெற்றில்டாவைப் பார்க்கிறாள்.

மறுநாள் காலையில் அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'கருணையின் கடலே, கொடையின் குன்றே' என்று தொடங்கியது.

"ஐயோ மாஸ்ரர், இது நீங்கள் கதைக்கிற மாதிரி. நான் இப்பிடிக் கதைச்சால் ஆரைக்கொண்டு எழுதுவிச்சனீர் எண்டுதான் கேப்பினம்."

மாஸ்ரர் கடதாசியை மடித்தார். வெட்கப்பட்டது போலத் தெரிந்தது. "சரிதான். ஏதென்ஸிலை அந்தத் தொழில் செய்தவன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான்."

"அங்கை என்ன தொழில்?"

"நான் செய்யிற தொழில்தான். அந்தக் காலத்திலை அங்கை வழக்கெண்டால் அவனவன் தன்ர வாயாலைதான் பேசவேணும். பேசத் தெரியாதவன் எழுதத் தெரிஞ்சவனிட்டைப் போவான். அவன் எழுதிக் குடுப்பான். இவன் பாடமாக்கிப் போய்ச் சொல்லுவான். கமக்காரன் வந்தால் கமக்காரன் மாதிரி, நொண்டி வந்தால் நொண்டி மாதிரி எழுதவேணும். அதிலை ஒருத்தன் பெரிய கெட்டிக்காரன். அவன் எழுதினதுகள் கனக்க இண்டைக்கும் கிடக்கு."

"அவனுக்கும் மீனோ கூலி?"

"காசுதான். ஆனால் ஒரே ஒரு பேச்சு தனக்காகப் பேசினவன்." மாஸ்ரர் மெற்றில்டாவின் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஊதினார். "வெளியூரிலை இருந்து வந்தவன்ர மகன் அவன். அந்த நகரத்திலை குடியுரிமை இல்லை. அநியாயக்காரக் கூட்டம் ஒண்டு ஆட்சியைப் பிடிச்சு, அவன்ர தமையனை வீதியிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போய், நஞ்சு குடிக்கச் சொல்லிச் சாகடிச்சுப்போட்டுது. விசாரணை ஒண்டும் இல்லை."

சிவமலர் மெற்றில்டாவின் காலுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பிறகு?"

"ஆட்சி மாறினது. தமையனைப் பிடிச்சவனைச் சபைக்கு முன்னாலை நிப்பாட்டி இவன் கேட்டான், நீ பிடிச்சியோ இல்லையோ எண்டு."

"அழேல்லையோ?"

"இல்லை."

"ஏசேல்லையோ?"

"அதெல்லாம் மற்ற இடத்திலை. அந்த இடத்திலை சின்னச் சின்னக் கேள்விதான். எதிராளி பதில் சொல்லித்தான் ஆகவேணும் எண்டு அங்கை சட்டம். இஞ்சை அந்தச் சட்டம் இல்லைப் பிள்ளை. நீர் கேட்டால் யோகராஜா தெரியாதெண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவான்."

சிவமலர் காலுறையை இழுத்துச் சரி செய்தாள். "மாஸ்ரர், எங்கட இல்லத்திலை ஒரு விதி இருக்கு. கிழடுகளிட்டை 'மருந்து குடிச்சிட்டீங்கள்தானே' எண்டு கேக்கப்படாது. அன்பாக் கேட்டால் குடிக்காட்டியும் ஓமெண்டு தலையாட்டுவினம். நல்ல பிள்ளை எண்டு பேர் எடுக்கிறதிலை கிழடுகளுக்கு அவ்வளவு ஆசை. எங்கட ஆக்கள் மேடையிலை எப்பிடி? புகழேக்கை ஆராவது இல்லையெண்டு சொல்லிக் கண்டிருக்கிறியளோ?"

மாஸ்ரர் சிரிக்கத் தொடங்கினார். பொன்னாடை போர்த்தப்பட்டவர் போலக் கைகூப்பி, கண்ணை அரைவாசி மூடி, மெல்ல மெல்லத் தலையாட்டிக் காட்டினார். மெற்றில்டாவும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

"அவன் தலையாட்டட்டும்," என்றாள் சிவமலர். "தம்பிக்குத் தண்ணி பருக்கினது நீங்கள்தானே எண்டு கேக்கப் போறன்."

"ஆனால் பருக்கினது உம்மட தம்பியெல்லோ?"

"ஓம்."

மாஸ்ரர் சிரிப்பதை நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு கையும் முறிஞ்ச ஆள்," என்றார் மெதுவாக. "அதை அவனே ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறான். உது சோபிஸ்ட் எண்டு சொல்லுற வாத்திமாரின்ர ஆயுதம் பிள்ளை. ஊரூராப் போய்க் காசுக்குப் பேச்சுப் படிப்பிச்சவங்கள். சாட்சி இல்லாத இடத்திலை, இது நடக்கக்கூடிய காரியமோ எண்டு சனத்தைக் கேக்கிறது. சனம் தானே தீர்ப்புச் சொல்லும்."

"பேர் என்னவெண்டாலும் இருக்கட்டும். எழுதுங்கோ."

"கிருஷ்ணமூர்த்தி பேச்சை முன்கூட்டிப் பாக்கக் கேட்டிருக்கிறான்."

"அப்ப ரெண்டு எழுதுங்கோ. அவைக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

"ரெண்டு பக்கத்துக்கும் நான் எழுதினதா வருமே." அவர் யோசித்தார், யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது. "வந்தால் என்ன? ஒரே கொலை வழக்குக்குக் குற்றம் சொல்லுறவன் பேச்சையும் எதிராளி பேச்சையும் ஒரே ஆள் எழுதி வைச்சிருக்கிறான். பயிற்சிக்கு. அதுவும் இண்டைக்கும் கிடக்கு."

"அவ்வளவு காலம் ஒருத்தரும் அவனை ஏசேல்லைத்தானே. எழுதுங்கோ."

கிருஷ்ணமூர்த்திக்குப் போன கடதாசியில் கவுன்சில் அனுமதியும் அன்னதானமும் தேர்த்துணியும் இருந்தன. யோகராஜா பார்த்து மகிழ்ந்து, 'கொடைவள்ளல்' என்ற சொல்லை மட்டும் சேர்க்கச் சொன்னாராம். சிவமலரின் பேச்சுக்குக் கடதாசி இல்லை. வேலைக்கு நடுவே முணுமுணுத்துப் பாடமாக்கினாள். படுக்கை விரிக்கும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இது உங்கள் சமயத்துப் பிரார்த்தனையா என்று கேட்டாள். ஓரளவுக்கு, என்றாள் சிவமலர்.

சனிக்கிழமை மாஸ்ரர் கடைசியாக ஒன்று சொன்னார். "பிள்ளை, அவன் இல்லையெண்டு சொன்னால் உமக்குக் கையிலை ஒண்டுமில்லை. தம்பியைக் கைவிட்டவனைப் புகழ்ந்து பேசின தமக்கை எண்ட பேரோடைதான் வீட்டை போவீர். பிறகு ஒருநாளும் ஒருத்தரும் உம்மட கதையைக் கேக்காயினம்."

"தெரியும்."

"விட்டிடலாம்."

"என்னத்தை விடுறது? தம்பியைத் தெரியும், தெரியாதெண்டு பொய் சொன்னனான் எண்டு அவர் தன்ர வாயாலை நாலு பேருக்கு முன்னாலை சொல்லவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரை போதாமல் சனம் கம்பளத்திலும் இருந்தது. யோகராஜா பட்டுச் சட்டையில் வந்தார். வளைந்த கையால் அவள் தோளைத் தொடாமல் தொட்டார். "தங்கச்சி, பழசுகளை மறந்திட்டீங்கள் எண்டு கேக்கச் சந்தோஷமாக் கிடக்கு."

"உங்களை மறப்பனோ அண்ணை," என்றாள்.

பேச்சு நீண்டால் அடிக்க கிருஷ்ணமூர்த்தி பூசை மணியொன்றைக் கையில் வைத்திருந்தார். ஆண்கள் பேசினார்கள். கடல் வந்தது, குன்று வந்தது. சிவமலரின் முறை வந்தபோது அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. வயதுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலை என்ரது. யோகராஜா அண்ணை இந்தக் கோவிலுக்காகக் கவுன்சில் படி எவ்வளவு ஏறி இறங்கினவர் எண்டு உங்களுக்குத் தெரியும். தேர்த்துணி அவர் தந்தது. அன்னதான அரிசி அவர் தாறது. கொடைவள்ளல்."

யோகராஜா கைகூப்பினார். தலை மெல்ல ஆடியது.

"ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு. அண்ணை கிடந்த அந்த அறையிலை என்ர தம்பி கனகலிங்கமும் கிடந்தவன். அவன் இப்ப இல்லை. அந்த அறையிலை ஒரு தகரக் குவளை இருந்ததாம். எழும்பேலாமல் கிடந்தவருக்கு, தாய் பிள்ளைக்குத் தீத்திற மாதிரி, தண்ணி பருக்கிச் சோறு தீத்தினதாம் ஒரு கை. தம்பி எனக்குச் சொன்னவன்." அவள் யோகராஜாவின் பக்கம் திரும்பினாள். குரல், மாத்திரை கொடுக்கும்போது வருகிற குரல். "யோகராஜா அண்ணை, என்ர தம்பிக்குத் தண்ணி பருக்கினது நீங்கள்தானே?"

சனம் உச்சுக்கொட்டியது. பின்னால் ஒரு மனுசி மூக்கை உறிஞ்சினாள். யோகராஜாவின் கண் கலங்கியது. மன்னிப்பு வருகிறது, அதுவும் மாலையோடு வருகிறது என்று நினைத்திருப்பார். கிருஷ்ணமூர்த்தி ஓடிப்போய் இன்னொரு மைக்கை அவர் வாயருகே பிடித்தார்.

"ஓம்," என்றார் யோகராஜா. "கனகலிங்கம் எனக்கு ஒரு தம்பி மாதிரி. நான்தான் பருக்கினனான்."

"எந்தக் கையாலை அண்ணை?"

அவர் விளங்காமல் பார்த்தார்.

"ரெண்டு கையையும் உள்ளை போட்ட அண்டைக்கே முறிச்சவங்கள் எண்டு எல்லா மேடையிலையும் சொல்லுறனீங்கள். குவளை பிடிக்கேலாமல் நாய் மாதிரி நக்கிக் குடிச்சனான் எண்டு. இஞ்சை இருக்கிற எல்லாரும் அதைக் கேட்டு அழுதிருக்கினம். கை முறிஞ்ச ஆக்களை நான் தினமும் பாக்கிறனான். நான்தான் அவைக்குப் பருக்கிறனான். அவை எனக்குப் பருக்கிறேல்லை."

எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. கிருஷ்ணமூர்த்தி மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

"விடும் காணும் மணியை!" என்று கம்பளத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். இரத்த அழுத்த மேசையில் அவளிடம் ஏச்சு வாங்குகிறவர். "மனுசி கேக்கட்டும்!"

"ஆர் பருக்கினது அண்ணை?"

யோகராஜா மைக்கைத் தள்ளப் பார்த்தார். கிருஷ்ணமூர்த்திக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அதை இன்னும் அவர் வாயருகேதான் பிடித்திருந்தார்.

"அவன்தான்."

"பேரைச் சொல்லுங்கோ."

"கனகலிங்கம்."

"அப்ப அவனைத் தெரியும்."

"தெரியும்."

"எண்பத்தேழிலை சொலிசிற்றர் போன் அடிச்சுக் கேக்கேக்கை, அவனைத் தெரியாதெண்டு சொன்னீங்களோ, இல்லையோ?"

பேச்சாளர் என்பதால் அவருக்கு அந்த நேரத்திலும் வாய் வந்தது. "அன்பான மக்களே, அந்த நாட்களிலே எங்கட இனம் இருந்த நிலைமை, ஒவ்வொரு தமிழனும் பட்ட..."

"அண்ணை. சொன்னீங்களோ, இல்லையோ?"

யோகராஜா தன் மனைவி சந்திரவதனா இருந்த பக்கம் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"சொன்னனான்."

"நன்றி, வணக்கம்," என்று சிவமலர் மைக்கைப் பழையபடி உயர்த்தி வைத்துவிட்டுப் போய் இருந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

பொன்னாடை மடித்தபடி தட்டிலேயே கிடந்தது. தேர்தல் நடந்தது, யோகராஜாவின் பெயரைப் பிரேரித்தவரே அதைத் திரும்பப் பெற்றார். வெளியே செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் அவளைச் சூழ்ந்தது. எல்லாம் பாராட்டு இல்லை.

"என்ன இருந்தாலும் கோவிலுக்குள்ளை இப்பிடிச் செய்யலாமோ அக்கா?"

"கோவில் எண்டபடியால்தான் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கேட்டனான்," என்று சிவமலர் தன் செருப்பைத் தேடினாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெகுகாலம் வலித்த பல்லைப் பிடுங்கியது போல இருந்தது.

மறுநாள் காலையில் மெற்றில்டாவைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்ரர் ஒவ்வொரு கேள்வியையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார். "அந்தத் தமையனைப் பறிகுடுத்தவன்ர வழக்கிலை என்ன தீர்ப்பு வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. பேச்சு மட்டும்தான் மிஞ்சினது."

"பாவம்," என்றாள் சிவமலர். அவளுக்கு அந்த ஏதென்ஸ்காரன் மீது உண்மையாகவே இரக்கம் வந்தது.

அந்த வாரமே யோகராஜாவும் சந்திரவதனாவும் அவளுடைய மாடிவீட்டுக்கு வந்தார்கள். அவள் யூனிபோர்மில் இருந்தாள். இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி கொடுத்தாள், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது வேறு அலுவல்.

"மன்னிப்புக் கேக்க வந்தனான் தங்கச்சி," என்றார் யோகராஜா.

"கேளுங்கோ."

"அந்தக் காலத்திலை ஒரு மனுசனுக்கு வாற பயமெண்டது..."

"பேச்சு வேண்டாம் அண்ணை. கேக்க வந்ததைக் கேளுங்கோ."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மாட்டன்."

சர்க்கரை வியாதிக்காரருக்குச் சீனி மறுக்கும்போது அவள் அப்படித்தான் சொல்லுவாள். கோபம் இல்லை, விட்டுக்கொடுக்க இடமும் இல்லை.

சந்திரவதனா அழுதார். "அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது அக்கா? வெளியிலை தலைகாட்டேலாமல் கிடக்கு."

"செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. அவன் இனி வரப்போறதில்லை." சிவமலர் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போட்டாள். "ஒண்டு மட்டும் சொல்லுறன். அண்ணை இனி எந்த மேடையிலையும் அந்த அறைக் கதையைச் சொல்லலாம். நான் மறிக்கேல்லை. சொல்லேக்கை கனகலிங்கம் தண்ணி பருக்கினதையும் சொல்லவேணும், நீங்கள் அவனைத் தெரியாதெண்டு சொன்னதையும் சொல்லவேணும். விட்டுப்போட்டுச் சொன்னால் நான் எழும்பிக் கேப்பன்."

"ஒவ்வொரு முறையுமோ?" என்றார் யோகராஜா.

"ஒவ்வொரு முறையும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர்களை முன்னே விட்டுக் கதவைப் பூட்டினாள். படியில் அவர் மெல்ல இறங்கினார். வளைந்த கையால் கைபிடியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். சிவமலர் அதைப் பார்த்தாள். வேறு யாராயிருந்தாலும் பிடித்து இறக்கியிருப்பாள்.

அதன் பிறகு யோகராஜா எந்த மேடையிலும் ஏறவில்லை. சங்கக் கூட்டம், கல்யாணம், நினைவு நாள், எதற்கு அழைத்தாலும் தொண்டை சரியில்லை என்றார். சிவமலர் ஷிப்ட் இல்லாத நாளில் வருகிற கூட்டமெல்லாவற்றுக்கும் போனாள். நேரத்தோடு போய் முன்வரிசையில் இருந்தாள்.